காட்டுக்குள் ஒலிப்பதிவுக் கருவி வைப்பது எப்படி? வால்பாறையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மழைக்காட்டில் கண்ணில் படும் உயிர்களைவிடக் காதில் விழும் உயிர்கள்தான் அதிகம். வால்பாறைப் பக்கம் ஏதாவது ஒரு சோலைக்குள் போய் நில்லுங்கள். முப்பதடி தள்ளி உட்கார்ந்திருக்கும் குக்குறுவானை இலைகள் மறைத்துவிடும், ஆனால் அதன் 'குட்ரூ குட்ரூ' நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். உச்சிக்கிளையில் திரியும் பறவை, புதருக்குள் விரல்நுனி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் தவளை, பகலில் காய்ந்த இலைபோல அசையாமல் இருந்துவிட்டு அந்தியில் மட்டும் குரல் கொடுக்கும் தவளைவாயன் பறவை எல்லாம் கேமராவில் சிக்குவது அபூர்வம். மரத்தில் கட்டிய ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி இவற்றையெல்லாம் இரவு பகல் பாராமல், மழையிலும் பனியிலும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதனால்தான் பறவை ஆர்வலர்களும் கல்லூரி மாணவர்களும் இப்போது இதில் இறங்குகிறார்கள். கருவி வாங்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. எங்கே வைக்கிறோம், எந்த நேரத்தில் பதிவு செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஓடைக்கரையில் ஒரு மாதம் கட்டி வைத்தால், மிஞ்சுவது ஒரு மாதத் தண்ணீர்ச் சத்தம்தான். எந்த மென்பொருளாலும் அதற்கு அடியில் இருக்கும் பறவையை மீட்டெடுக்க முடியாது.

முதலில் கேள்வி, அப்புறம் கருவி

"இந்தக் காட்டில் என்னென்ன இருக்கிறது?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எங்கே வைத்தாலும் ஒரு பதில் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வால்பாறையிலிருந்தே ஒரு நல்ல கேள்வியைச் சொல்கிறேன். ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் தேயிலை, கொஞ்சம் காப்பி. நடுநடுவே பழைய மழைக்காட்டின் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. சிதைந்துபோன சில துண்டுகளில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் எஸ்டேட்டுகளோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டுவருகிறார்கள். நட்டு மீட்ட துண்டு, நடாமல் விட்ட துண்டு, சிதையாத பழைய காடு ஆகிய மூன்றில் கேட்கும் உயிர்களில் என்ன வித்தியாசம்? ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து இதே கேள்விக்கு அங்கே ஆய்வு நடந்திருக்கிறது.

இப்படிக் கேட்டதுமே பாதி முடிவுகள் தானாக வந்துவிடும். மூன்று வகை இடங்களிலும் கருவி வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒன்று போதாது, பல வேண்டும். கடல்மட்டத்திலிருந்து உயரம், ஓடையிலிருந்து தூரம், பதிவு செய்யும் மாதம் எல்லாம் மூன்று வகைக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளந்தது மரம் நட்டதன் பலனையா ஓடையின் பலனையா என்று கடைசிவரை தெரியாது.

எந்த உயிர் என்பதைப் பொறுத்துக் காலமும் நேரமும் மாறும். பறவைகளுக்குப் பிப்ரவரியிலிருந்து மே வரை நல்ல காலம். சீகாரப் பூங்குருவி விடிவதற்கு முன்பே சீட்டியடிக்க ஆரம்பித்துவிடும், அதனால் பதிவை 6 மணிக்குத் தொடங்கினால் அதைத் தவறவிடுவீர்கள். கருமந்தியின் ஆண் எழுப்பும் ஊளையும் விடியலை ஒட்டித்தான். தவளைகளுக்கு ஜூன் மழை இறங்க வேண்டும், அதுவும் இரவில்.

அனுமதியும் அக்கம்பக்கமும்

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் கருவி வைக்க வேண்டுமென்றால், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், எனவே முதல் வேலையாக விண்ணப்பியுங்கள். எஸ்டேட் நிலத்தில் உள்ள சோலையென்றால் மேனேஜரிடம் கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். அதோடு அந்த டிவிஷன் மேஸ்திரியிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். வெடிகுண்டோ என்று பயந்து யாரும் கழற்றி எறியாமல் இருக்க அதுதான் வழி.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கருவி மனிதக் குரலையும் பதிவு செய்யும். விறகெடுக்க வரும் பெண்கள் பேசுவது, காட்டுப்பாதையில் நடக்கும் காடர், முதுவர் குடும்பங்கள் பேசுவது எல்லாம் அதில் விழும். வடக்கே கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குகளுக்கென வைத்த கேமராக்களும் ட்ரோன்களும் காட்டை நம்பி வாழும் பெண்களை எவ்வளவு பாதித்தன என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு விரிவாகச் சொன்னது. அந்த நிலைமை இங்கே வரக்கூடாது. ஆட்கள் நடக்கும் பாதையை விட்டுத் தள்ளி வையுங்கள். "இது பறவை, தவளைச் சத்தத்தைப் பதிவு செய்யும் கருவி. மனிதர் பேச்சு பதிவானால் அழித்துவிடுவோம்" என்று தமிழில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். சொன்னபடி அழித்தும் விடுங்கள்.

காட்டுக்குள் தனியாகப் போகாதீர்கள். வால்பாறையில் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியிலும் சிவப்பு விளக்கிலும் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது, கிளம்பும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கூட வந்தால் பாதுகாப்புக்கும் ஆச்சு, எந்த மேட்டில் எது கூவும் என்று அவரிடம் கற்றுக்கொள்ளவும் ஆச்சு.

கருவியைத் தயார் செய்வது

விலை மலிவாகவும் பரவலாகவும் கிடைப்பது ஆடியோமாத். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சர்க்யூட் பலகை, மூன்று டபுள்-ஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, அவ்வளவுதான். நான் சொல்வதெல்லாம் அதை மனத்தில் வைத்து. வேறு கருவிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மாதிரி வீதம் என்று ஓர் அமைப்பு இருக்கும், ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதுதான் அது. கேட்க வேண்டிய ஒலியின் அதிர்வெண் எவ்வளவோ, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வைக்க வேண்டும். பறவைகள், தவளைகள், குரங்குகளுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். வௌவால் வேண்டுமென்றால் 250 அல்லது 384 என்று போக வேண்டும், அப்போது கார்டு சீக்கிரம் நிரம்பும். யானையின் அடிக்குரல் மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது. அதற்கு இந்தச் சின்ன மைக் பொருத்தமில்லை, அதை வேறு கருவிக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது கணக்கு. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிமிடம் பதிவு செய்தால் 5.76 எம்பி. இடைவிடாமல் ஓடவிட்டால் ஒரு நாளைக்கு 8.3 ஜிபி, 64 ஜிபி கார்டு ஒரு வாரத்தில் நிரம்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் அதே கார்டு ஐந்து வாரத்துக்கு மேல் தாங்கும். ஒட்டுமொத்தமாக எத்தனை இனங்கள் என்று பார்ப்பதற்கு இப்படி விட்டுவிட்டுப் பதிவு செய்வதே மேல். அரிதாகக் கூவும் ஒரே ஓர் உயிரைத் தேடுகிறீர்கள் என்றால் மட்டும் அது கூவும் நேரத்தில் இடைவிடாமல் பதிவு செய்யுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கோப்பு, எவ்வளவு இடம், எவ்வளவு மின்சாரம் என்று கருவியை அமைக்கும் செயலியே கீழே காட்டும். பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதை அதை வைத்து வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம்.

நேரம் என்ற ஒன்றில் ரொம்பக் கவனம் வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் கருவியின் கடிகாரம் அழிந்துவிடும். புதுப் பேட்டரி போட்டதும் கணினியிலோ கைப்பேசிச் செயலி எழுப்பும் ஒலியாலோ மறுபடி நேரம் வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் வரும் நேரம் இந்திய நேரமா கிரீன்விச் நேரமா என்பதையும் பார்த்துவிடுங்கள். கிரீன்விச் என்றால் நம் காலை 6 மணிப் பதிவு 003000 என்ற பெயரில் இருக்கும், அதை நள்ளிரவுப் பதிவென்று நினைத்துவிடக்கூடாது. பதிவு தொடங்கும் நேரத்தை அமைக்கும்போதும் இதே சோதனை வேண்டும்.

ஒலிப் பெருக்கத்தை நடுவில் வையுங்கள். கூட்டினால் தூரத்துப் பறவை கேட்கும், ஆனால் பக்கத்தில் ஒரு சில்வண்டு கத்தினால் பதிவில் ஒலி சிதைந்துபோகும். எது வைத்தாலும் எல்லாக் கருவியிலும் ஒரே அளவு வையுங்கள்.

இடம் பார்ப்பது

வீட்டிலேயே வரைபடத்தில் கட்டம் போட்டு, குலுக்கல் முறையில் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். இது எல்லோருக்கும் கசக்கும். காட்டுக்குள் போனதும் பழுத்துக் குலுங்கும் அத்திமரம் கண்ணில் பட்டால் அங்கே கட்டத்தான் கை போகும். அங்கே கட்டினால் இருவாச்சி நிறையக் கேட்கும், ஆனால் அது அந்த அத்திமரத்தின் கதை, காட்டின் கதை இல்லை. பாதையோரமாகவே கட்டிக்கொண்டு போனாலும் இதே கோளாறுதான்.

அடர்ந்த மழைக்காட்டில் பல சின்னப் பறவைகளின் குரல் நூறு மீட்டருக்குள்ளேயே தேய்ந்துவிடும். இருவாச்சி, மந்தி போன்றவை வெகுதூரம் கேட்கும். ஒரே பறவையை இரண்டு கருவி கேட்டு இரண்டாக எண்ணாமல் இருக்க, கருவிகளுக்கு இடையே 250 மீட்டராவது விடுங்கள், முடிந்தால் 500. காட்டின் ஓரத்திலிருந்து ஐம்பது மீட்டராவது உள்ளே போங்கள். சில ஏக்கரே உள்ள துண்டென்றால் நடுவில் ஒன்றே போதும்.

வரைபடத்தில் குறித்த புள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் உடனே கட்டாதீர்கள். யாரும் பேசாமல் பத்து நிமிடம் கண்ணை மூடி நில்லுங்கள். முதலில் பறவை கேட்கும், கொஞ்ச நேரத்தில் பறவைக்கு அடியில் ஓடும் சத்தங்கள் கேட்கும். பள்ளத்தில் ஓடை இரைகிறதா? மேலே ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் லாரி கியர் மாற்றுகிறதா? தேயிலையில் மருந்தடிக்கும் மோட்டார் ஓடுகிறதா? பக்கத்தில் மூங்கில் புதர் இருந்தால் காற்றடிக்கும்போது கிறீச்சிடும். மலைமுகட்டில் காற்றே பெரும் சத்தம். கோடையில் இரைச்சலே இல்லாத ஒரு பள்ளம், ஜூலையில் ஓடையாகிவிடும், இதைக் காவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். இவற்றில் ஏதாவது இருந்தால் குறித்த புள்ளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள், சொல்லப்போனால் ஐம்பது மீட்டருக்குள், நகர்த்திக்கொள்ளுங்கள். நகர்த்தியதையும் காரணத்தையும் எழுதி வையுங்கள்.

மரத்தில் கட்டுவது

மரத்தின் தடிமன் முக்கியம். பெருத்த அடிமரத்தில் கட்டினால் அதற்குப் பின்னாலிருந்து வரும் ஒலியை மரமே தடுத்துவிடும். ஒரு சாண் விட்டத்துக்குள் இருக்கும், ஆனால் காற்றில் ஆடாத மரமாகப் பாருங்கள்.

மரப்பட்டையையும் கவனியுங்கள். ஆளுயரத்துக்கு மேலேயும் சேறு காய்ந்து அப்பியிருந்தால் யானை உடம்பு உரசும் மரம், அங்கே கட்டிய பெட்டி மிஞ்சாது. எறும்பு வரிசை போகும் மரமும் வேண்டாம், மைக் துளைக்குள் எறும்பு குடியேறிவிடும்.

உயரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர். எல்லா இடத்திலும் ஒரே உயரம். ஆணி அடிக்கவே கூடாது. நைலான் கயிறு மழையில் வழுக்கி இறங்கும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து இழுத்துக் கட்டினால் நனைந்தாலும் அசையாது, பட்டையையும் அறுக்காது.

பெட்டி விஷயத்தில் மழையை மறக்காதீர்கள். தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தக் கருவிக்கென்றே தண்ணீர் புகாத பெட்டி விற்கிறார்கள், முடிந்தால் அதையே வாங்குங்கள். காசு இல்லையென்றால் ஜிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பையும் சில வாரங்களுக்குத் தாங்கும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், அது மைக்கை மறைக்காமல் பேட்டரிப் பக்கம் இருக்கட்டும். மைக் துளை லேசாகக் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது.

கட்டியபின் அண்ணாந்து பாருங்கள். நேர் மேலே அகன்ற இலை இருந்தால், மழை விட்டபிறகும் ஒரு மணி நேரம் அதிலிருந்து சொட்டுகள் பெட்டி மேல் 'டப் டப்' என்று விழும். மழை விட்ட அந்த நேரத்தில்தான் தவளைகள் உச்சத்தில் கத்தும், பதிவிலோ சொட்டுச் சத்தம்தான் இருக்கும். ஒரு கை தள்ளிக் கட்டினாலே சரியாகிவிடும். பெட்டியில் உரசும் இலைகளை மட்டும் ஒடித்துவிடுங்கள், சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்ய வேண்டாம்.

சுவிட்சை 'கஸ்டம்' பக்கம் தள்ளினால்தான் நீங்கள் அமைத்த நேரப்படி ஓடும். 'டீஃபால்ட்' என்றால் நேரத்தைப் பார்க்காமல் அப்போதே பதிவைத் தொடங்கிவிடும். பச்சை விளக்கு மினுங்கினால் அடுத்த பதிவுக்காகக் காத்திருக்கிறது, சிவப்பு மினுங்கினால் பதிவு ஓடுகிறது. சிவப்பைக் கண்ணால் பார்த்தபிறகே இடத்தை விட்டு நகருங்கள்.

சிவப்பு எரியும்போதே மைக் பக்கம் நின்று இடத்தின் எண், கருவி எண், தேதி, நேரம் சொல்லி மூன்று தடவை கைதட்டுங்கள். பின்னால் கார்டுகள் கலந்துபோனாலும் கோப்பு தானே எந்த இடம் என்று சொல்லிவிடும், கடிகாரம் தவறாக ஓடியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். அப்புறம் கூட வந்தவர் 25, 50, 100 மீட்டர் தள்ளிப் போய் ஒரே விசிலை ஒரே மாதிரி ஊதட்டும். எதுவரை பதிவாகிறது என்பதுதான் அந்த இடத்தில் உங்கள் கருவியின் எல்லை. நடாத துண்டில் மரங்கள் குறைவு, ஒலி தூரம் போகும். பழைய காட்டில் அவ்வளவு போகாது. இதைப் பார்க்காமல் இரண்டையும் ஒப்பிட்டால் சிதைந்த காட்டில் பறவை அதிகம் என்றுகூடக் கணக்கு வந்துவிடலாம்.

குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள், மழையில் பேனா மை கரைந்துவிடும். ஜிபிஎஸ் புள்ளி, உயரம், மரத்தின் சுற்றளவு, மைக் பார்க்கும் திசை, ஓடைக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரம், கருவி எண், கார்டு எண், தொடங்கிய நேரம், நாலு திசையிலும் ஒரு புகைப்படம்.

மூன்றாம் நாள் சோதனை

ஒரு மாதம் விட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பும் முன், முதலில் கட்டிய ஒன்றிரண்டை மூன்றாம் நாளே எடுத்துப் பாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமாக மாற்றுங்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண். பூங்குருவியின் சீட்டி வளைந்து நெளியும் மெல்லிய கோடாகத் தெரியும். அந்திச் சில்வண்டு குறுக்கே பளிச்சென்று ஒரு பட்டையாக ஓடும், அந்தப் பட்டைக்குள் விழும் சின்னப் பறவைகளை நீங்கள் இழக்கிறீர்கள். அடியில் நாள் முழுக்கப் புகைபோல ஒரு மங்கல் இருந்தால் அது ஓடை. இருவாச்சியின் தாழ்ந்த குரல் அந்தப் புகைக்குள்தான் புதையும், அப்படியென்றால் இடத்தை மாற்றிவிடுங்கள்.

எடுத்து வந்தபின்

கார்டை அழிக்கும் முன் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். கயிறு, டியூப், டேப், தீர்ந்த பேட்டரி எதையும் காட்டில் விடாதீர்கள். அடுத்த சுற்றில் கருவிகளை இடம் மாற்றிக் கட்டுங்கள். ஒரு மைக் கொஞ்சம் மந்தமாக இருந்தால் அது அந்த இடத்தின் குறையாகத் தெரியாமல் இருக்க இதுவே வழி.

குரலை அடையாளம் காண பேர்ட்நெட் என்ற மென்பொருள் உதவும். பதிவை மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்தப் பறவை என்று, எவ்வளவு நிச்சயம் என்பதற்கு ஒரு மதிப்பெண்ணோடு சொல்லும். அதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். நம் காடுகளில் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறது, மற்றப் பறவைகளின் குரலை அச்சு அசலாகப் போலி செய்யும். மென்பொருள் மட்டுமில்லை, பழகிய காதே ஏமாறும். ஒவ்வொரு இனத்துக்கும் அதிக மதிப்பெண், குறைந்த மதிப்பெண் இரண்டிலிருந்தும் சில துண்டுகளை எடுத்து, அந்த மலைக்குப் பழகிய ஒருவரோடு உட்கார்ந்து கேளுங்கள். ஓர் இனம் பதிவில் இல்லையென்றால் "கேட்கவில்லை" என்று மட்டும் எழுதுங்கள், "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

வனத்துறைக்கு அறிக்கையும் பதிவின் நகலும் கொடுங்கள். எஸ்டேட் ஆட்களுக்கும் காவலர்களுக்கும் சில நிமிடங்கள் போட்டுக் காட்டுங்கள், அவர்கள் சோலையில் கேட்டது என்ன என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு முதல் உரிமை இருக்கிறது. பொதுவில் வெளியிடும்போது இருவாச்சிக் கூடு, சோலைமந்திக் கூட்டம் தங்கும் இடம் போன்றவற்றின் ஜிபிஎஸ் புள்ளிகளை எடுத்துவிட்டு, எந்த மலைப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.